நகோயா வண்டியில் போன துண்டு

புதுச்சேரி பஸ் ஸ்டாண்டுக்குள் விழுப்புரம் வண்டி திரும்பும்போதே கூட்டமும் அதோடு சேர்ந்து ஓடும். ஓடிக்கொண்டே ஜன்னல் வழியாகத் துண்டை உள்ளே போட்டுவிட்டால் அந்த இடம் போட்டவருடையது. அதன் பிறகு அவர் நிதானமாக டீ குடிக்கலாம், வாழைப்பழம் வாங்கலாம். துண்டைத் தள்ளிவிட்டு யாராவது உட்கார்ந்தால் வண்டியில் இருக்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து திட்டுவார்கள். எனக்கு வாய் பேசி இடம் பிடிக்க வராது. அதனால் துண்டு எனக்கு எப்போதும் உதவியாக இருந்திருக்கிறது. ஜப்பானிலும் அதையேதான் செய்தேன்.

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறேன். தண்ணீர் பாட்டிலுக்கு மூடி வார்க்கிற மெஷின். ஐந்தாவது வரை படித்தவன். இங்கிலீஷில் எழுத்துகள் தெரியும், சேர்த்துப் படிக்க நேரம் ஆகும். ஆனால் இத்தனை வருஷம் பக்கத்திலேயே நின்றதில் மெஷினின் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. மூடி வார்க்கிற அச்சு இரண்டு பாதியாக இருக்கும். அது மூடும்போது 'தக்' என்று ஒரு தட்டு விழும். அந்தத் தட்டு கொஞ்சம் மாறினாலும் உள்ளே எதுவோ தேய்கிறது என்று அர்த்தம். மூடி கோணலாக வர ஆரம்பிப்பதற்கு இரண்டு நாள் முன்பே நான் சொல்லிவிடுவேன். கம்பெனியில் எனக்கு இருக்கிற மதிப்பு அதற்குத்தான்.

நகோயா பக்கத்தில் ஒரு தொழிற்சாலை தன்னிடம் இருந்த பழைய மெஷின் ஒன்றை விற்க இருந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"பேப்பரெல்லாம் மேடம் பாத்துக்குவாங்க. நீ போயி ஓடவுட்டு கேளு. நீ சரின்னா வாங்கறேன். இல்லன்னா வேணாம்."

"எனக்கு பாஷை தெரியாதே சார்."

"இங்க மட்டும் நீ எவன்கிட்ட பேசற?"

மேடம் என்பது எங்கள் கம்பெனி இன்ஜினியர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நான் பேசாததையும் சேர்த்து அவரே பேசிவிடுவார். அவரும் ஜப்பானுக்குக் கூட வந்தது எனக்கு வசதியாக இருந்தது.

நான் இருக்கும் ரெட்டியார்பாளையத்துத் தெருவில் வெளிநாடு என்றால் பிரான்ஸ்தான். எதிர்வீட்டு அம்மா என் மனைவியிடம், "எப்ப பாரிஸ் போறாரு?" என்று கேட்டார்.

"பாரிஸ் இல்லக்கா, ஜப்பான்."

"அங்க யாரு கீறாங்க உங்களுக்கு?"

"ஒரு மெஷின் இருக்குதாம்."

பெட்டியில் மனைவி இரண்டு ஈரிழைத் துண்டு வைத்தாள். ஒன்று போதும் என்றேன். ஒன்று தொலைந்துபோகும் என்றாள்.

டோக்கியோவில் மேடத்துக்கு இரண்டு நாள் வேலை இருந்தது. மூன்றாம் நாள் காலையில் நகோயாவுக்குக் கிளம்பினோம். அந்தத் தொழிற்சாலையில் முன்பே ஒன்று சொல்லியிருந்தார்கள். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு எலெக்ட்ரீஷியன் வந்து மெஷினுக்குப் போகிற கரண்டைக் கழற்றிவிடுவார். நாங்கள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அன்று மாலைக்குள் மெஷின் அந்த இடத்தை விட்டுப் போக வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் நான் அங்கே நின்று அதைக் கேட்க வேண்டும். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் அனுப்பியிருந்தார்கள்.

பிளாட்பாரத்தில் தரையில் கோடு போட்டு, எந்தப் பெட்டியின் கதவு எங்கே வந்து நிற்கும் என்று எழுதியிருந்தார்கள். கோட்டின் மேல் ஜனங்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். எங்களுடையது முன்பதிவு இல்லாத பெட்டி. வண்டி வந்தது. கதவு கோட்டுக்கு நேராக நின்றது. இறங்க வேண்டியவர்கள் இறங்கிய பிறகு சுத்தம் செய்கிறவர்கள் ஏறி, இருக்கைகளை எல்லாம் போகிற திசைக்குத் திருப்பினார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜன்னல் திறக்கிற ஜன்னல் இல்லை என்பதையும் கவனித்தேன்.

"அண்ணே, நீங்க ஏறி எடம் புடிங்க. மீன் இல்லாம ஏதாவது கெடைக்குதான்னு பாத்துட்டு ஓடியாந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மேடம் கடைப் பக்கம் போனார்.

கதவு மறுபடி திறந்ததும் ஏறினேன். ஜன்னலோரம் இரண்டு இடம் கிடைத்தது. ஒன்றில் என் பையை வைத்தேன். மற்றதில் துண்டை விரித்துப் போட்டேன். உட்காரப் போகும்போதுதான், நான் எந்தப் பெட்டியில் இருக்கிறேன் என்று மேடத்துக்குத் தெரியாதே என்று தோன்றியது. போன் பைக்குள் இருந்தது. போனை எடுக்காமல், துண்டு கிடக்கிறதே என்ற தைரியத்தில் பிளாட்பாரத்தில் இறங்கினேன்.

எங்கள் ஊரில் வண்டி எடுப்பதற்கு முன் டிரைவர் ஏறுவார், கதவைச் சாத்துவார், இன்ஜின் உறுமும், கண்டக்டர் விசில் அடிப்பார். அதற்கப்புறமும் இரண்டு பேர் ஓடி வந்து ஏறுவார்கள். ஆள் வராவிட்டால் துண்டுக்குப் பக்கத்தில் இருப்பவர், "ஆளு வருது, ஆளு வருது" என்று குரல் கொடுப்பார். இங்கே ஒரு மணி மாதிரி ஏதோ ஒலித்தது. நான் கடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது கதவு மூடியிருந்தது. வண்டி நகர்ந்தது. ஜன்னல் வழியாக என் துண்டு தெரிந்தது. அந்த இருக்கையில் யாரும் இல்லை. பக்கத்தில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

மேடம் கடைப் பக்கம் இல்லை. எங்கேயும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. அவர் வேறு கதவு வழியாக ஏறிவிட்டார். துண்டும் மேடமும் நகோயாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

டிக்கெட் சட்டைப் பையில் இருந்தது. பாஸ்போர்ட் இடுப்புப் பையில் இருந்தது. மணி ஒன்பது இருபது. பக்கத்திலேயே தொப்பி போட்ட ரயில்வே ஊழியர் ஒருவர் நின்றார். டிக்கெட்டைக் காட்டி நகோயா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சரியான வண்டியைக் காட்டியிருப்பார். மூன்று தடவை அவர் அருகே போய்விட்டுத் திரும்பினேன். நாலாவது தடவை, எதிர்ப்பக்கம் அதே மாதிரி வெள்ளை வண்டி ஒன்று நிற்பதைப் பார்த்தேன். அதே நீலக் கோடு, அதே நீண்ட மூக்கு. கேட்க வேண்டிய தேவை இல்லாமல் போனதே என்று சந்தோஷமாக ஏறி உட்கார்ந்தேன்.

வண்டி புறப்பட்டதும் எனக்கு ஒரு சிரமம். வேகம் தெரியவில்லை. விழுப்புரம் பாசஞ்சரில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் தண்டவாள இணைப்பில் விழுகிற சத்தத்தை வைத்து எவ்வளவு வேகத்தில் போகிறது என்று சொல்வேன். இதில் அப்படி ஒரு சத்தமே இல்லை. நல்ல மோட்டார் ஒன்று எங்கோ தூரத்தில் ஓடுகிற மாதிரி ஒரே முனகல். வெளியே வீடுகள் போய்க்கொண்டிருந்தன. உள்ளே யாரும் பேசவில்லை. பத்து இருபது பேர்தான் இருந்தார்கள். பெட்டி ஏன் இவ்வளவு காலியாக இருக்கிறது என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

இரண்டு ஸ்டேஷன் கழித்து யோசித்தேன். மேடம் சொல்லியிருந்த வண்டி ஆரம்பத்தில் இரண்டு இடத்தில் நின்றுவிட்டு, பிறகு நேராக நகோயாதான். இது எல்லா ஊரிலும் நின்றது. நின்றால் ஐந்து நிமிஷம் அசையவில்லை. அப்போது பக்கத்துத் தண்டவாளத்தில் 'தப்' என்று ஒரு அறை விழும், பெட்டி முழுக்க ஒரு உலுக்கு உலுக்கும், இன்னொரு வண்டி கடந்து போயிருக்கும். எக்ஸ்பிரஸ் பஸ்ஸுக்கு டவுன் பஸ் ஒதுங்கி நிற்கிற கதைதான். நான் டவுன் பஸ்ஸில் ஏறியிருந்தேன்.

கண்டக்டர் பெட்டிக்குள் வந்து எல்லாருக்கும் பொதுவாக ஒருமுறை குனிந்து வணங்கினார். அவர் என் பக்கம் வரும்போது டிக்கெட்டை நீட்டி, "நகோயா?" என்றேன். அன்று காலை நான் வாய் திறந்து பேசிய முதல் வார்த்தை. அவர் தலையாட்டிவிட்டு, ஒரு சின்னத் தாளில் 12:04 என்று எழுதிக் கொடுத்தார். அழகான எண்கள். கைகூப்பி வாங்கிக்கொண்டேன்.

பன்னிரண்டு நாலுக்கு ஸ்டேஷன். அங்கிருந்து தொழிற்சாலைக்கு அரை மணி. எலெக்ட்ரீஷியன் பன்னிரண்டுக்கு வந்துவிடுவார். இறங்கி வேறு வண்டி மாறலாமா என்று நினைத்தேன். எதில் மாறுவது என்று யாரையாவது கேட்க வேண்டும். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஓரிடத்தில் எனக்கு எதிர்ப்பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் போனைத் தூக்கினார்கள். ஜப்பான் படங்களில் எல்லாம் வருகிற, உச்சியில் பனி மூடிய அந்தப் பெரிய மலை தெரிந்திருக்க வேண்டும். ஊருக்கு வந்த பிறகு எல்லாரும் என்னிடம் அதைத்தான் கேட்டார்கள். அப்போது நான் கண்டக்டர் கொடுத்த தாளையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் வெள்ளையாக எதுவோ கடந்தது. அந்த மலையைப் பார்த்தேன் என்று என்னால் சொல்ல முடியாது. எங்களைக் கடந்துபோன வண்டிகள் எத்தனை என்று கேட்டால் சொல்வேன். பதினொன்று.

சரியாகப் பன்னிரண்டு நாலுக்கு வண்டி நகோயாவில் நின்றது. மேடம் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் என் துண்டு. கையில் இரண்டு பை.

"அண்ணே! எங்கண்ணே போனீங்க? ஒரு மணி நேரத்துக்கு மேல வர்ற வண்டிய எல்லாம் பாத்துக்கிட்டு நிக்கிறேன். போன் அடிச்சா உங்க பையி பாடுது!"

"உங்களத் தேடித்தான் மேடம் எறங்குனேன்."

"நான் உங்களத் தேடிப் பெட்டி பெட்டியா நடந்தேன். பாத்தா துண்டு மட்டும் உக்காந்துக்கினு வருது." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் வர்ற வரைக்கும் அந்த ரெண்டு சீட்டுலயும் யாருமே உக்காரலண்ணே. வயசானவரு ஒருத்தரு பக்கத்துல நின்னுக்கிட்டே வராரு. நம்ம ஊர்ல கூட துண்டுக்கு இவ்வளவு மரியாதை கெடயாது."

தொழிற்சாலைக்குப் போன் செய்திருந்தாராம். கரண்டைக் கழற்றுவதைத் தள்ளிப்போட முடியாது, மன்னிக்க வேண்டும் என்று அவர்கள்தான் இவரிடம் நாலு தடவை மன்னிப்புக் கேட்டார்களாம்.

நாங்கள் போனபோது மெஷின் நின்றிருந்தது. கேபிளைச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தார்கள். மேலே கை வைத்தேன். இன்னும் சூடு இருந்தது. காலையில் எங்களுக்காக ஓட்டிக் காத்திருந்திருக்கிறார்கள்.

மேடம் மெதுவாகச் சொன்னார். "அண்ணே, மெஷின் பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது. ஓடிச்சு, கேட்டோம், சரியா இருக்குதுன்னு சொல்லிடலாமா? யாருக்குத் தெரியப்போவுது?"

முதலாளி கேட்பது மெஷினைப் பற்றி இல்லை, என் காதைப் பற்றி. கேட்காததைக் கேட்டேன் என்று ஒரு தடவை சொன்னால், பிறகு ஒவ்வொரு தடவையும் எனக்கே சந்தேகம் வரும்.

அந்த மெஷினை ஓட்டியவர் அங்கேயே நின்றார். என் வயதுதான் இருக்கும். நீல யூனிபாரம். எங்கள் பக்கம் பார்க்காமல் ஒரு துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவரும் பேசுகிற ஆள் இல்லை என்று தெரிந்தது. அச்சு இருக்கும் இடத்தைக் காட்டி, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து மூடி, காதைத் தொட்டுக் காட்டினேன். வெட்கமாக இருந்தது.

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு பக்கத்து இரும்பு மேசையில் விரல் முட்டியால் தட்டினார். தக். நிறுத்தினார். மறுபடி தக். அதோடு ஒட்டிக்கொண்டு, ரொம்ப லேசாக, இன்னொரு தட்டு. மூன்றாம் முறையும் அப்படியே. அந்த லேசான தட்டு இருக்கக் கூடாது என்பதுபோலத் தலையை அசைத்துவிட்டு, அச்சை இழுக்கிற முழங்கை மாதிரியான கம்பியின் இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

நான் அதே மேசையில் தட்டினேன். தக்-தக். அவர் இல்லை என்று கையாட்டினார். இரண்டாவதை இன்னும் லேசாகத் தட்டினேன். ஆமாம் என்று தலையாட்டினார். இரண்டு பேரும் மாறி மாறிக் கொஞ்ச நேரம் தட்டினோம். மேடம் அன்று முதல் முறையாகப் பேசாமல் நின்றார்.

அங்கிருந்தே முதலாளிக்குப் போன் போட்டோம்.

"இன்னாய்யா, சத்தம் எப்படி?"

"நான் கேக்கல சார். வண்டிய வுட்டுட்டேன்."

"எப்படி வுட்ட?"

"சீட்டுல துண்டு போட்டுட்டு எறங்கிட்டேன்."

"ஜப்பான்லயும் துண்டு போட்டியா நீ?"

"ஓட்டுனவரு தட்டிக் காட்டுனாரு சார். சாத்தறப்ப ஒரு தட்டு ரெண்டா வுழுது. எடது பக்கம் கம்பி மடங்கற எடத்துல புஷ் வளையம் தேஞ்சிருக்கும். அத மாத்திட்டா சரியா இருக்கும்னு நெனைக்கிறேன். ஆனா நான் கேக்கல."

"அவன் சொன்னத நம்பறியா?"

"அவரு நல்லத காட்டல, கொறையத்தான சார் காட்டுனாரு."

வாங்கினார்கள். கப்பலில் வந்து சேர மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் கேன்டீனில் எனக்கு முன்னால் யாராவது ஒரு துண்டைப் பெஞ்சில் விரித்து, "நகோயா ஒண்ணு!" என்பார்கள். நானும் சிரித்துவிட்டுப் போவேன். மனதுக்குள் அந்த இரண்டு தட்டையும் மறக்காமல் வைத்திருந்தேன். அது தப்பாக இருந்தால் என் காதை வைத்து இனி யாரும் எதையும் முடிவு செய்யமாட்டார்கள்.

மெஷினை இடத்தில் பொருத்திக் கரண்டு கொடுத்த அன்று முதலாளி வந்து என் பக்கத்தில் நின்றார். அச்சு முதல் முறை மூடியது. தக். எதுவும் இல்லை. முதலாளி என்னைப் பார்த்தார். நான் திரும்பவில்லை. இரண்டாம் முறை மூடியது. தக், அதோடு ஒட்டிக்கொண்டு, ரொம்ப லேசாக, இன்னொன்று.

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே" என்றார் முதலாளி.

மெஷினை நிறுத்திவிட்டு, இடது பக்கத்து புஷ்ஷைக் கழற்ற ஸ்பானரை எடுத்தேன்.