பிலோமினா ஏற்றாத எண்

உமா தொலைபேசியில் அழைத்தபோது நான் வண்ணார்பேட்டையில் சாலையைக் கடப்பதற்காக நின்றுகொண்டிருந்தேன். "அண்ணே, அக்கா போய்ட்டாவ. காலைல கோயிலுக்குக் கெளம்பி நின்னாவ. வாசல்லயே உக்காந்துட்டாவ. அவ்வளவுதான்" என்றாள். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். பக்கத்தில் ஹாரன் அடித்த ஆட்டோக்காரரிடம் சண்டைக்குப் போய்விட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, யாரும் தவறிட்டாவளா?" என்று பைய கேட்டார். அப்புறம்தான் அழுதேன்.

உங்களில் பலருக்குப் பிலோமினாவை உவரியில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுத்த டீச்சராகத் தெரியும். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காத டீச்சர். ஏன் மடங்காது என்று கேட்ட பிள்ளைகளிடம் கதவில் நசுங்கிவிட்டதாகச் சொல்லியிருக்கிறாள். அது பொய். நடந்தது தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான். தான் உயிரோடு இருக்கும்வரை வெளியே சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இப்போது அந்தச் சத்தியம் என்னைக் கட்டாது. இன்னொன்று, நாங்கள் இருவரும் ஒரே வயது. 'அவர்' என்று எழுதினால் எழுந்து வந்து அடிப்பாள். ஆகவே 'அவள்' என்றே எழுதுகிறேன்.

அடிப்பாள் என்பதைப் பேச்சுக்காகச் சொல்லவில்லை. உவரிப் பேருந்தில் அவள் இடுப்பில் கை வைத்த ஒருவனை டிபன் கேரியரால் அடித்து இரண்டு பல்லைப் பெயர்த்தவள் அவள். அன்று வேலைக்கு வந்ததும் கேரியரின் நெளிசலைத்தான் என்னிடம் காட்டி வருத்தப்பட்டாள். "புதுசுலே. அம்மா ஏசுவா" என்றாள்.

தொண்ணூற்றொன்பதில் திருநெல்வேலி சந்திப்பில், ஒரு மாடி அறையில், மின்னஞ்சல் நிலையம் ஒன்றில் நாங்கள் வேலை பார்த்தோம். ஊரில் கம்பெனி வைத்திருந்தவர்களுக்கெல்லாம் சொந்தமாக ஒரு இணையப் பெயர் வேண்டும் என்ற ஆசை வந்திருந்த நேரம். அப்படிப் பதிவு செய்த பெயர்களைப் பராமரிப்பது எங்கள் வேலை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கோப்பு உண்டு. பிலோமினா அதை 'ஏடு' என்பாள். இந்தப் பெயருக்கு வரும் அஞ்சலை எந்தக் கணினியில் கொண்டு சேர்க்க வேண்டும் என்று அதில் ஒரு வரி இருக்கும். அந்த வரியை மாற்றினால் அஞ்சல் போகும் இடமும் மாறிவிடும்.

ஆனால் எங்கள் தொலைபேசி லைனை நம்பி உலகம் இல்லை. வெளியுலகம் கேட்பது சென்னையில் இருந்த ஒரு கணினியை. அது எங்கள் ஏட்டைப் பார்த்துப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். ஏட்டின் தலையில் ஒரு எண் இருக்கும். ஏட்டில் எதை மாற்றினாலும் அந்த எண்ணையும் ஒன்று கூட்டி வைக்க வேண்டும். எண் கூடியிருந்தால்தான் சென்னைக் கணினி புதுப் பிரதி எடுக்கும். கூடவில்லையென்றால், மாற்றம் எதுவும் இல்லை என்று நினைத்துப் பழைய பதிலையே சொல்லிக்கொண்டிருக்கும்.

நான் ஒருமுறை மறந்தேன். பத்தமடையிலிருந்து பாய் ஏற்றுமதி செய்யும் ஒருவர் தன் அஞ்சலை வேறு கணினிக்கு மாற்றச் சொன்னார். வரியை மாற்றினேன், எண்ணைக் கூட்டவில்லை. அவருடைய பழைய கணினியை நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாள் அவருக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை. ஜெர்மனிக்காரன் பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு ஆளிடம் போய்விட்டான். பத்தமடைக்காரர் எங்கள் அறையில் உட்கார்ந்து துண்டால் கண்ணைத் துடைத்தார். அவர் போனதும் பிலோமினா தொலைபேசியின் ரிசீவரை எடுத்து என் நெற்றியில் அடித்தாள். புருவம் கிழிந்து ரத்தம் சட்டையில் வடிந்தது. பிறகு அவளே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். தையல் போடும்போது பக்கத்தில் நின்று, "ஏலே சைவம், நம்பர ஏத்தாம ஏட்டத் தொடாத. தொட்டன்னா கைய ஒடிப்பேன்" என்றாள். நான் மீன் சாப்பிடாதவன் என்பதால் அவளுக்கு என் பெயரே சைவம்.

உமா எங்கள் வாடிக்கையாளர் ஒருவருடைய மகள். அப்பாவின் கம்பெனிக்கு வரும் அஞ்சலைப் பார்க்க எங்கள் நிலையத்துக்கு வருவாள். அதே முகவரிக்குத்தான் மஸ்கட்டில் வேலை பார்த்த முருகேசன் அவளுக்கு எழுதிக்கொண்டிருந்தான். அவன் வேறு சாதி. இது எனக்குத் தெரியாது, பிலோமினாவுக்குத் தெரியும். வீட்டில் விஷயம் தெரிந்த அன்று உமாவை அவள் அண்ணன் பெல்ட்டால் அடித்திருக்கிறான். முதுகெல்லாம் கன்றிப்போய், செருப்பில்லாமல் எங்கள் படியேறி வந்தாள். பிலோமினா அவளை அன்றே உவரிக்குக் கூட்டிப்போய்த் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். முருகேசனுக்கு எச்சரித்து அஞ்சல் அனுப்பினோம். அவன் இருந்த பாலைவன வேலையிடத்தில் அஞ்சல் பார்க்க வழியில்லை. அந்த வாரம் லீவில் ஊருக்கு வரவிருந்தவன், கிளம்பும்போதுதான் நகருக்கு வந்து எழுதுவான். எந்த நாள், எந்த வழி என்பது அந்தக் கடிதத்தில்தான் இருக்கும்.

இது உமா வீட்டுக்காரர்களுக்கும் தெரிந்திருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான்கு பேர் வந்தார்கள். உமாவின் அண்ணன், அவளுக்குப் பேசி வைத்திருந்த முறைமாப்பிள்ளை, கூட இரண்டு பேர். அண்ணன் சட்டைக்குப் பின்னாலிருந்து அரிவாளை எடுத்து விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தான். மாப்பிள்ளை கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படித்தவன். பேச்சில் மரியாதை குறையவில்லை. "எங்க கம்பெனி பேருக்கு வார மெயிலெல்லாம் இனி எங்க சர்வருக்கு வரணும். முகவரி இந்தத் தாள்ல இருக்கு. இப்பமே மாத்துங்க, நான் பாக்கணும்" என்றான். மாற்றினால் முருகேசன் எழுதும் கடிதம் அவன் கைக்குப் போகும். பேருந்து நிலையத்தில் இறங்குகிறவனை வெட்டிப்போட ஆள் தயாராக நிற்பார்கள்.

பிலோமினா ஏட்டைத் திறந்தாள். வரியை அழித்தாள், தாளைப் பார்த்துப் புதிய முகவரியைத் தட்டினாள், சேமித்தாள். மாப்பிள்ளை அவள் தோளுக்கு மேலே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அஞ்சல் இனி எங்கே போகும் என்று எங்கள் கணினியிடமே கேட்டுக் காட்டச் சொன்னான். புதிய பதில் வந்தது. அவனுக்குத் திருப்தி.

நானும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏட்டின் தலையில் எண் அப்படியே இருந்தது. புருவத்தில் தழும்பு வாங்கியவன் நான். வாய் தானாகத் திறந்துவிட்டது. "பிலோமினா, நம்பர ஏத்தலியே" என்றேன்.

திரும்பி என் கன்னத்தில் விட்டாள் ஓர் அறை. காது அடைத்துப்போனது. "பெரிய மனுசங்க நிக்கயில குறுக்க பேசுத" என்றாள். அண்ணன்காரன் சிரித்தான். "பொம்பள கையால அடி வாங்குதானே, இவனெல்லாம் ஒரு ஆம்பள" என்றான். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "என்ன நம்பரு?" என்று கேட்டான். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "போன் நம்பருதான். சென்னை லைன் கெடைக்கலன்னா ரெண்டாவது நம்பரப் போடுவோம். அதத்தான் சொல்லுதான், கூறுகெட்டவன். உலகம் பூரா போய்ச் சேர ஒண்ணு ரெண்டு நாளாகும். ஒங்களுக்குத் தெரியாததா" என்றாள். அவனுக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் நம்பினான். அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ மறந்தப்ப பத்தமடைக்காரருக்கு ரெண்டு நாளு போச்சுல்லா? அந்த ரெண்டு நாளு எனக்கு வேணும்லே" என்றாள். எனக்கு அதற்குப் பிறகுதான் விளங்கியது. என் பேச்சைக் கேட்டு அவள் எண்ணை ஏற்றியிருந்தால் முருகேசன் கழுத்துப் போயிருக்கும்.

புதன்கிழமை மதியம் முருகேசனின் கடிதம் எங்களுக்கே வந்தது. எங்கள் எச்சரிக்கையை அவன் படித்த அறிகுறியே இல்லை; வியாழன் காலை திருவனந்தபுரத்தில் இறங்கி, நாகர்கோவில் வழியாகப் பேருந்தில் நெல்லைக்கு வருவதாக எழுதியிருந்தான். உமாவிடம் இருந்த புகைப்படத்தை வாங்கிக்கொண்டு பிலோமினா நாகர்கோவில் பேருந்து நிலையத்துக்குப் போனாள். மூன்று மணி நேரம் ஒவ்வொரு பேருந்தாக ஏறி முகம் பார்த்து, கடைசியில் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து இறக்கி உவரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். சனிக்கிழமை விடியும்போது இருவரும் அங்கிருந்து கிளம்புவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை அவள் வேலைக்கு வந்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஒனக்குப் பைத்தியமா? இந்நேரம் அவனுவளுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்று கத்தினேன். "தெரிஞ்சாத் தேடுவானுவல்லா? நான் இங்கன இருந்தா இங்கன வருவானுவ. இல்லன்னா உவரிக்குப் போவானுவ" என்றாள். சொல்லிவிட்டு வழக்கம்போலச் சென்னைக்கு லைன் போட உட்கார்ந்தாள்.

பதினொரு மணிக்கு வந்தார்கள். இந்த முறை மாப்பிள்ளையிடம் மரியாதை இல்லை. திரையைத் தரையில் போட்டு உடைத்தான். மற்ற இரண்டு பேரும் மோடத்தையும் வயர்களையும் பிய்த்து எறிந்தார்கள். நான் ஓடினேன். இதை எழுதாவிட்டால் இந்த அஞ்சலிக்கு அர்த்தமில்லை. பாதிப் படி இறங்கியிருந்தபோது மேலே அவள் குரல் கேட்டது. பிறகு அவள் சொல்லித் தெரிந்தது: அவள் கையை மேசையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு அண்ணன்காரன் "உமா எங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அரிவாளின் பின்புறத்தால் முதல் விரலை அடித்தான். "நம்பர ஏத்த மறந்துட்டேன்" என்றாள். மறுபடி கேட்டான். இரண்டாவது விரல். "மறந்துட்டேன்யா" என்றாள். வாழ்க்கையில் எதையும் மறக்காதவள் அவள். அந்த வார்த்தையைத் தவிர வேறெதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

படியோரம் ஷட்டர் இழுக்கும் இரும்புக் கொக்கி சாத்தியிருந்தது. எடுத்துக்கொண்டு ஏறினேன். மாப்பிள்ளை வாசலுக்கு முதுகு காட்டி நின்றான். அவன் தோளில் ஓங்கி அடித்தேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அதற்காக இன்றுவரை நான் வருந்தவில்லை. என் தலையிலும் ஒரு வெட்டு விழுந்தது. அதற்குள் கீழ்க்கடைக்காரர்கள் சத்தம் கேட்டு ஏறிவரவே, நால்வரும் ஓடிவிட்டார்கள். ஒரே ஆட்டோவில் ரத்தம் ஒழுக நானும் அவளும் போனபோது, "ஓடுனியேலே, என்னத்துக்குத் திரும்ப வந்த?" என்று கேட்டாள். "வந்ததுதான் வந்த, கொஞ்சம் வெரசா வந்திருக்கக் கூடாதா" என்றாள். வலியிலும் சிரித்தாள்.

உமாவும் முருகேசனும் சனிக்கிழமை சொன்னபடியே கிளம்பிவிட்டார்கள். ஊர் ஊராகச் சுற்றி, பல வருடம் கழித்து உவரிக்கே திரும்பி, பிலோமினாவின் தெருவிலேயே வீடு பார்த்துக்கொண்டார்கள்.

அடக்கத்தின்போது பெட்டிக்குள் அவள் கைகளைச் சேர்த்து ஜெபமாலையைச் சுற்றினார்கள். அந்த இரண்டு விரல்களில் மாலை நிற்கவில்லை, வழுக்கி வழுக்கி விழுந்தது. ஒரு பெரியவர் விரல்களை அமுக்கி மடக்கப் பார்த்தார். முருகேசன் அவர் கையைப் பிடித்துத் தடுத்தான். "மடக்காதீங்க பெரியவரே, அப்பிடியே இருக்கட்டும்" என்றான். அவன் தலை நரைத்திருந்தது. இந்த வயது வரைக்கும் அவன் வந்து சேர்ந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவளிடமிருந்து எனக்குச் சொத்தாகக் கிடைத்தவை இரண்டு அடிகள். முதலாவது, நான் மறந்ததற்கு. அது புருவத்தில் தழும்பாக இருக்கிறது. இரண்டாவது, நான் நினைவுபடுத்தியதற்கு. அதற்கு அடையாளம் எதுவும் இல்லை. ஆனாலும் முகம் கழுவும்போது என் கை அந்தக் கன்னத்தில்தான் கொஞ்ச நேரம் நிற்கிறது.