போர்டு கேட்ட ஒரே கேள்வி

பனிமலை எல்லைக்கு எனக்கு போஸ்டிங் ஆர்டர் வந்தபோது, இடுப்பில் டிஸ்க் பிதுங்கி நாலு மாசம் ஆகியிருந்தது. முதலில் இடுப்பு, அப்புறம்தான் ஆர்டர். ஆனால் பட்டாளத்தில் யாரும் அந்த வரிசையில் எண்ண மாட்டார்கள். ஆர்டர் கைக்கு வந்த பிறகு ஒருவன் ஆஸ்பத்திரிப் படியேறினால் அவனுக்கு வந்திருப்பது போஸ்டிங் நோய். அதற்கு ரயில் டிக்கெட்தான் மருந்து என்பார்கள்.

அதைச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். பதினெட்டு வருஷமாக ஹவில்தார் கிளார்க். எத்தனையோ பேருடைய மெடிக்கல் பேப்பரை டைப் அடித்து அனுப்பியிருக்கிறேன். முழங்காலைத் தடவிக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் நின்றவனை ஒரு தடவைகூட உட்காரச் சொன்னதில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

எனக்கு வந்தது இடது காலில். தொடையிலிருந்து கட்டைவிரல் வரை இழுக்கும், பிறகு மரத்துப்போகும். நாலு மாசம் தைலம் தேய்த்துக்கொண்டு வீராப்பாக இருந்தேன். ஆர்டர் வந்த வாரம், ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவிலேயே செருப்பு கழன்று பின்னால் கிடக்க, அது தெரியாமல் நான் பாட்டுக்கு நடந்திருக்கிறேன். பூ விற்கிறவள் கூப்பிட்டுச் சொன்னாள். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மனைவி மறுநாளே லீவு போட்டு ஒரு தனியார் டாக்டரிடம் கூட்டிப்போனாள். குளிரும் பாரமும் ஆகவே ஆகாது, மீறிப் போனால் கால் போய்விடும் என்றார் அவர். ராணுவ மெடிக்கல் போர்டு என்னைக் கீழ்க் கேட்டகரியில் போட்டால் ஆர்டர் ரத்தாகும். இல்லாவிட்டால் மூட்டையோடு மலையேற வேண்டியதுதான்.

ஆறு வாரம் ராணுவ ஆஸ்பத்திரிக்கு அலைந்தேன். வெளியில் எடுத்த ஸ்கேன் செல்லாது, உள்ளே எடுப்பதற்கு வரிசை. ஒரே ஃபாரம் ஐந்து பிரதி. ஒரு சீல் கொஞ்சம் தள்ளி விழுந்துவிட்டது என்று ஐந்தையும் திரும்ப எழுத வைத்தார்கள். கண்ணைப் பார்த்தார்கள், காதைப் பார்த்தார்கள். இடுப்பு ஒடிந்தவனுடைய பல்லை ஒருவர் உட்கார்ந்து எண்ணிக் கையெழுத்தும் போட்டார். ஜன்னலில் இருந்த கிளார்க் ஒவ்வொரு தடவையும் இளித்துக்கொண்டு, "போஸ்டிங் எவிடெயா சாரே?" என்று மலையாளத்தில் எந்த ஊருக்குப் போஸ்டிங் என்று விசாரிப்பான். அந்த இளிப்பை அறைய வேண்டும் போலிருக்கும். என் மேஜையில் நான் இளித்ததும் அதேதான் என்பது இன்னும் எரிச்சல்.

கடைசியில் ஸ்பெஷலிஸ்ட், டிஸ்க் பிதுங்கியிருப்பது ஸ்கேனில் தெரிகிறது, வேதனை எவ்வளவு என்பதை போர்டே கேட்டு முடிவு செய்யட்டும் என்று எழுதித் தப்பித்துக்கொண்டார்.

போர்டில் மூன்று அதிகாரிகள். நடுவில் கர்னல். நல்ல மனுஷர் என்றே சொல்ல வேண்டும். அந்தக் கட்டடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். "கோயி தக்லீஃப்?" என்று கேட்டார். ஏதாவது கஷ்டம் உண்டா என்று அர்த்தம்.

பட்டாளத்தில் சேர்ந்த முதல் நாளிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டு வந்திருக்கிறேன். அதிகாரி சமையல்கூடத்துக்கு வருவார், கோயி தக்லீஃப் என்பார். பருப்பில் வண்டு மிதந்துகொண்டிருக்கும். வரிசை மொத்தமும் நஹி சாப், இல்லை ஐயா என்று கத்தும். பூட்ஸுக்குள் ரத்தம் கசிந்தாலும் அதே பதில்தான். ஒருவன் மட்டும் ஒரு தடவை உண்டு என்று சொல்லிவிட்டு, அந்த மாசம் முழுக்கக் கக்கூஸ் கழுவினான்.

என் குதிகால்கள் தானாக ஒட்டிக்கொண்டன. நெஞ்சு நிமிர்ந்தது. இடுப்பில் கத்தி இறங்கியது போலிருந்தது.

"நஹி சாப்."

கர்னல் ஸ்கேனை மறுபடி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நிச்சயமாகவா என்று இன்னொரு தடவையும் கேட்டார். இரண்டாவது சந்தர்ப்பம் யாருக்குக் கிடைக்கும்? அதற்கும் விறைப்பாக நின்று, நிச்சயம் சாப் என்றேன். அவர் பேனாவை எடுத்து, தகுதி என்று எழுதினார். ஆறு வாரமாக நான் காறித் துப்பிய அத்தனை முட்டாள்களும் சேர்ந்து செய்யாததை நானே செய்து முடித்தேன். அப்பீல் செய்யலாமா என்று ஜன்னலில் கேட்டேன். செய்யலாம், ஆனால் பதில் வருவதற்குள் நான் மலைமேல் இருப்பேன் என்றான். இந்தத் தடவை அவன் இளிக்கவில்லை.

ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே மனைவி ஸ்கூட்டரோடு காத்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"வலிக்கறதுன்னு ஒத்தை வார்த்தை," என்றாள். "அதைச் சொல்றதுக்கும் மேலேருந்து ஆர்டர் வரணுமா உங்களுக்கு?"

பின்சீட்டில் ஏறுவதற்கு இடது காலைத் தூக்கினேன், வரவில்லை. மறுபடி தூக்கினேன். காவலுக்கு நின்ற சிப்பாய் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஸ்டாண்டைப் போட்டு இறங்கி, யூனிஃபார்மில் இருந்த என் காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி அந்தப் பக்கம் போட்டாள்.