அப்பாவின் அக்கா

அம்மா மார்பில் கட்டி வந்து இறந்து போனாள். அடுத்து அக்காவுக்குச் சினைப்பையில் புற்றுநோய். அவள் ரத்தத்தைச் சோதித்ததில் மரபணுவில் பழுது என்றார்கள். வழிவழியாக வருவதாம். கூடப் பிறந்த நானும் சோதித்துப் பார்க்க வேண்டுமாம்.

எனக்கு வேறொரு கேள்வி இருந்தது. கல்யாணமாகி ஐந்து வருடம், பிள்ளை இல்லை. அதற்கும் இதுதான் காரணமா?

ஈஜிபுராவிலிருந்து பஸ் பிடித்து நானும் வீட்டுக்காரரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குக் கட்டம் என்று எங்கள் குடும்பத்தை வரைந்தார்.

“அப்பா பக்கம் யாருக்காச்சும் இருக்கா?”

“இல்ல மேடம். அம்மா பக்கந்தான்.”

“அப்பாகூடப் பொறந்தவங்க?”

“ஒரு அக்கா. வயித்துல கட்டி வந்து போயிட்டாங்க.”

“இப்பதானே இல்லேன்னீங்க? சரி, அம்மாவோட அம்மா?”

“அவங்களேதான்.”

பேனா நின்றது. அம்மா கட்டியது தன் தாய்மாமனை. எங்களில் அது வழக்கம். பாட்டியை அம்மாவின் அம்மா என்றே நினைத்துப் பழக்கம். அப்பா பக்கம் என்று கேட்டபோது அவள் அப்பாவுக்கு அக்கா என்பது தோன்றவே இல்லை.

“அப்பா வழியாவும் வந்திருக்கலாம்” என்றார்.

“அவர் கல்லு மாதிரி இருக்காரே?”

“நோய் வராமலே பிள்ளைக்குக் குடுக்கலாம்.”

“நல்லவேளை, நான் வெளியாளு” என்றார் வீட்டுக்காரர்.

சோதனையில் எனக்கும் அந்தப் பழுது இருந்தது. கருமுட்டையும் குறைவு. என் கேள்வியைக் கேட்டேன்.

“இதனாலதான்னு சொல்ல முடியாதும்மா. இது இருக்கிற சிலருக்கு முட்டை கொறையலாம்னு சொல்றாங்க. இன்னும் முழுசாத் தெரியல.”

“பாட்டி எட்டுப் பெத்தாங்களே?”

“அதான். எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்ல.”

பிள்ளை வேண்டுமென்றால் தள்ளிப்போடக் கூடாது என்றார். நாற்பதுக்குள் சினைப்பையை எடுத்துவிடுவது நல்லதாம். எனக்கு முப்பத்து நாலு. பிறக்கிற பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வரலாமாம்.

நேரே அக்கா வீட்டுக்குப் போனோம். மருந்தில் முடி உதிர்ந்து தலையில் துண்டு கட்டியிருந்தாள். எல்லாம் சொன்னேன். பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

“பெத்துக்கடி. எனக்குத் தெரியாமப் போச்சு. உன் புள்ளைக்கு முன்கூட்டியே தெரியுமில்ல.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “பொண்ணு பொறந்தா மாமனுக்கு மட்டும் கட்டாத.”

“நமக்கு ஏதுக்கா அண்ணன் தம்பி?”

“அதுவும் நல்லதுதான்.”

அடுத்த வாரம் குழந்தையில்லாதவர்களைப் பார்க்கும் பிரிவில் சீட்டு போட்டோம். அங்கே வீட்டுக்காரருக்கும் சோதனை எழுதினார்கள். வெளியாளும் வரிசையில் போய் நின்றார்.