நாவல்பழ நிறக் காரின் மூன்றாவது பெடல்

யோசனையில் இருக்கும்போது என் அப்பாவின் இடது கால் தரையை அழுத்தும். முதலில் குதிகால் லேசாக எழும்பும். பிறகு முன்பாதம் மெதுவாக அமுங்கி, அதே நிதானத்தில் மேலே வரும். கூடவே தொடைமேல் கிடக்கும் வலது கை ஓர் அங்குலம் நகரும். சாப்பாட்டு மேசையில் செய்வார், ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் செய்வார், பள்ளியில் ஆசிரியை என்னைப் பற்றிப் பேசும்போதும் செய்வார். அவர் கியர் மாற்றுகிறார் என்பது நானே கார் ஓட்டக் கற்ற பிறகுதான் எனக்குப் புரிந்தது. பேச்சு நன்றாகப் போனால் இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போவார். அம்மா கோபமாக இருந்தால் கீழே இறக்குவார்.

அப்பாவின் பெயர் நார்பர்ட் பீலாக். டெட்ராய்ட்டுக்குத் தெற்கே லிங்கன் பார்க்கில் எங்கள் வீடு. கார் தொழிற்சாலையில் பாடி வெல்டராக இருந்தார். பகலெல்லாம் புதுக் கார்களை ஒட்டிவிட்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் சந்தோரம் இருந்த ஷெட்டில் ஒரு பழைய காரை ஒட்டுவார். 1970ஆம் வருஷத்து டாட்ஜ் சூப்பர் பீ. மன்ரோ பக்கம் ஒரு விவசாயியின் கொட்டகையில் கிடந்ததை இழுத்து வந்தபோது பின்சீட்டில் ரக்கூன் குட்டி போட்டிருந்தது. நான் அப்போது ஆரம்பப் பள்ளியில் படித்தேன். அது தன் சொந்த நாவல்பழ நிறத்தில் பளபளத்துத் தெருவுக்கு வந்த கோடையில் நான் பல்கலைக்கழகத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கப் போன முதல் ஆள் நான். அந்தக் கோடையில் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் காரைப் பார்க்கத்தான் வந்தார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அப்பாவுக்கு ஒரே கொள்கை. கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். துருவைச் சுரண்டியபோது இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் ஆரஞ்சு மெழுகுப் பென்சிலால் போட்ட கோணல் கிறுக்கல் ஒன்று கிடைத்தது. அந்தக் காலத்தில் யாரோ ஒருவர் சரிபார்த்ததற்காகப் போட்ட குறி. அப்பா அதைப் படம் எடுத்துக்கொண்டு, தகட்டைச் சுத்தம் செய்து, பெயிண்ட் அடித்து, அதே இடத்தில் அதே கோணலோடு திரும்ப வரைந்தார். கோணல் சரியாக வராமல் இரண்டு முறை அழித்தார்.

"சாப்பாட்டு மணி அடிச்ச அவசரத்துல எவனோ கிறுக்கினான். நீ அதுக்கு மெழுகுவத்தி ஏத்தற" என்றார் லவெல்.

லவெல் பியூரிஃபாய் என்பவர் எங்கள் சந்துக்கு எதிர்ப்பக்கத்து ஷெட்காரர். இரும்பு ஆலையில் ஆயில் பிரஷரில் இயங்கும் பெரிய இயந்திரங்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடமும் ஒரு பழைய கார் உண்டு. பேருக்குத்தான் பியூக். இன்ஜின் வேறு கம்பெனி, பிரேக் ஏதோ லாரியுடையது, சீட் நொறுங்கிப்போன ஒரு ஜெர்மன் காரிலிருந்து வந்தது. அப்பா அந்த ஷெட்டைக் கசாப்புக் கடை என்பார். லவெல் எங்கள் ஷெட்டை மியூசியம் என்பார். அதற்காக ஒருவருக்கொருவர் கை கொடுக்காமல் இருந்ததில்லை. எங்கள் சந்தில் வேலைக்கு வேலைதான் கூலி. இன்ஜின் தூக்க வந்தவனுக்குப் பீட்சாவும் பீரும் போதும். டிங்கரிங் செய்து கொடுத்தவனுக்கு மட்டும் டிங்கரிங்கோ அதற்கு ஈடான வேலையோதான் திருப்பித் தர வேண்டும். யாரும் எழுதி வைப்பதில்லை, யாரும் மறப்பதுமில்லை.

நான் மூன்றாம் வருஷம் படிக்கும்போது சர்க்கரை வியாதியால் அப்பாவின் இடது பாதத்தில் புண் வந்தது. நவம்பரில் காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்து அவர் முதலில் கேட்டது லவெலிடம்தான்.

"கார் பேட்டரி ஒயரக் கழட்டினியா?"

"கழட்டிட்டேன். எலிக்கு மருந்தும் வச்சிட்டேன். தூங்குடா."

மரக்கால் பழகியதும் ஒரு சனிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல், ஷெட்டுக்குப் போய்க் காரில் ஏறிவிட்டார். அந்தக் காரில் மூன்று பெடல். வலது கால் பிரேக்குக்கும் வேகத்துக்கும், இடது கால் கிளட்சுக்கு. கிளட்ச் எப்போதுமே கனம். ரேஸ் ஓட்டுகிறவர்கள் போடும் கிளட்ச் பிளேட்டை அப்பாவே ஆசைப்பட்டுப் போட்டிருந்தார். அவர் கொள்கைக்கு அது ஒன்றுதான் விதிவிலக்கு. மரக்கால் பெடலில் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. வழுக்கியது. கார் ஒரே பாய்ச்சலில் போய், அம்மா பியெரோகி கொழுக்கட்டைகளை உறைய வைத்திருந்த பெரிய ஃப்ரீசரில் மோதி நின்றது.

சத்தம் கேட்டு நானும் அம்மாவும் ஓடினோம். லவெலும் சந்தைத் தாண்டி வந்துவிட்டார். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அடி ஒன்றும் இல்லை. பம்பரில் ஒரு கோடு, ஃப்ரீசரில் ஒரு பள்ளம்.

அம்மா முதலில் அவரைப் பார்த்தாள், பிறகு ஃப்ரீசரைத் திறந்து பார்த்தாள். "ஆட்டோமேட்டிக் கியர் போட்டுரு நார்ப். ரெண்டு காலும் இருக்கறவன்கூட அதைத்தான் ஓட்டறான்."

"ஓட்டல மார்லீன். சும்மா உக்காந்து போறான்."

"எங்கிட்ட ஒரு ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி சும்மா கிடக்கு. எடுத்துக்கோ. நானே மாட்டித் தரேன்" என்றார் லவெல்.

"வேணாம்."

"அப்ப வித்துடு. ஓட்டாத காருக்கு எதுக்கு ஷெட்?"

அப்பாவின் இடது தொடையில் மிச்சமிருந்த பாகம் கால்சட்டைக்குள் ஒருமுறை எழும்பி இறங்கியதைப் பார்த்தேன். அந்தக் காரைத் தன் கையாலும் காலாலும் இனி ஓட்ட முடியுமா என்பது மட்டும்தான் அவருக்குக் கேள்வி. மனதில் அதற்கு அடியில் கிடந்த எதையும் அவர் பேசத் தயாராக இல்லை. பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொண்ட சில சொற்களை அந்த வாரம் மனதுக்குள் அவர்மேல் பொருத்திப் பார்த்தேன். உழைப்பாளி, ஆண்மை, இழப்பு என்றெல்லாம். ஒவ்வொன்றும் ஏதோ ஓர் இடத்தில் தொளதொளவென்று இருந்தது. இன்றைக்கும் எனக்குச் சரியான சொல் கிடைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து நான் வீட்டுக்கு வந்தபோது, அப்பா "வா, எதிர்ல போயிட்டு வருவோம்" என்றார். சந்து முழுக்கப் பனிக்கட்டி. ஊன்றுகோல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். லவெல் பியூக்குக்குக் கீழே படுத்திருந்தார். அப்பா அவர் பூட்ஸைத் தட்டினார்.

"கால் இல்லாம கிளட்ச் அமுக்க முடியுமா?"

லவெல் வெளியே வந்து, கந்தைத் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டார். "இத்தனை வருஷமா என் ஷெட்டுக்கு என்னடா பேர் வச்சிருந்த?"

"கசாப்புக் கடை."

"இன்னொரு தடவ சொல்லு. இன்னிக்குத்தான் கேக்க நல்லாருக்கு."

"கசாப்புக் கடை. முடியுமா, முடியாதா?"

"முடியும். மோட்டார் சைக்கிள் பிடி மாதிரி ஒண்ண கியர் கம்பில மாட்டறோம். அதப் பிடிச்சு அமுக்கினா ஆயில் ஓடிப் போய் கிளட்ச அமுக்கும். ஒரே கைல கிளட்ச், கியர் ரெண்டும். ஆனா ஓசில கிடையாது. என் பியூக்குக்குத் தரை பூரா துரு. ரெண்டு பக்கமும் வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்டித் தரணும், உன் கையால. அப்புறம் காலைல நாம காபி குடிக்கற கடைல, எல்லார் முன்னாடியும், லவெல் உன் காரைத் தொட்டான்னு நீயே சொல்லணும்."

"தரை ஒட்டித் தரேன். இன்னொண்ணு யோசிக்கறேன். ஆனா கார்ல புதுசா ஒரு ஓட்டை போடக் கூடாது."

"ஒண்ணே ஒண்ணு. கால் அங்குலம்."

"கூடாது."

"டேய், உன்னையே அறுத்துட்டாங்க. காருக்கு ஒரு ஓட்டை போட்டா என்ன?"

அப்பா வெடித்துச் சிரித்தார். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. "அதனாலதான் சொல்றேன். ஒருத்தர அறுத்தது போதும்."

எனவே ஓட்டை இல்லாமலேயே வேலை நடந்தது. பழைய கிளட்ச் பெடலின் கம்பி இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தகட்டுக்குள் போகும் துவாரம் ஏற்கெனவே இருந்தது. கம்பியைக் கழற்றி, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார்கள். ஆயில் ஹோஸ் அந்தத் துவாரம் வழியாகவே போனது. ஆயில் டப்பாவைத் தாங்க ஒரு பிடிமானம் வேண்டும். லவெலுக்கு அது இரண்டு துளை போட்டால் முடிந்துபோகும் வேலை. அப்பா விடாததால் ஸ்டியரிங் தண்டின் பழைய போல்ட்டுகளிலிருந்து தொங்கும்படி ஒன்றை வளைத்து வளைத்துச் செய்தார்கள். அதற்கு மட்டுமே மார்ச் மாதம் போய்விட்டது. பெடலை மட்டும் கழற்றவில்லை. ஒன்றும் செய்யாத பெடலாக அது அங்கேயே இருக்கட்டும் என்றார் அப்பா.

எல்லாம் மாட்டிப் பார்த்தபோது பிடி அசையவே இல்லை. அப்பா ஒரு கையால் அமுக்கினார், இரண்டு கையாலும் அமுக்கினார். ரேஸ் பிளேட்டின் கனம் காலுக்கே பெரிய கனம், கைக்கு எப்படி வரும்?

"சாது பிளேட்டுக்கு மாத்து. காரோட பிறந்தது மாதிரி" என்றார் லவெல்.

"இப்ப இருக்கற பிளேட்டுக்கு இந்தத் தெருவே பயப்படும்."

அம்மா அப்போது காபியோடு நின்றிருந்தாள். "கால் போச்சு, கைல வந்து நிக்குது. கையும் போனா பல்லால கடிச்சு இழுப்பியா நார்ப்?"

லவெல் சிரிப்பை அடக்க முடியாமல் சந்துக்குப் போய்விட்டார். அப்பா பிடியை இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தார். "மாத்து" என்றார்.

ஜூன் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, காரைச் சந்துக்குத் தள்ளினோம். நான் பக்கத்து சீட்டில். முதல் முயற்சியில் இன்ஜின் அணைந்தது. இரண்டாவதிலும் அணைந்தது. லவெல் ஜன்னலில் குனிந்து, "முட்டையப் பிடிக்கற மாதிரி விடுடா, கழுத்தப் பிடிக்கற மாதிரி இல்ல" என்றார். மூன்றாவதில் கார் குலுங்காமல் நகர்ந்தது. சந்து முடிந்து, ஆற்றோர ஜெஃபர்சன் சாலைக்கு வந்ததும், அப்பா பிடியை அமுக்கி, கம்பியைக் கீழே இழுத்து, விரல்களை ஒவ்வொன்றாக விட்டார். இரண்டாவது. பிறகு மூன்றாவது. இன்ஜினின் ஒலி இறங்கி மறுபடி ஏறியது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையை மட்டும் பார்த்தேன்.

மறுநாள் காலை கடையில், வழக்கமான கார்க்காரர்கள் எல்லாரும் இருக்கும்போது, அப்பா கோப்பையைக் கீழே வைத்தார்.

"லவெல் என் காரைக் கெடுத்துட்டான்" என்றார். எல்லாரும் திரும்பினார்கள். "நல்லா கெடுத்தான். இவ்வளவு நல்லா யாராலயும் கெடுக்க முடியாது."

"இதுதான் மன்னிப்பா?" என்றார் லவெல்.

"மன்னிப்புன்னு யார் சொன்னா? தகவல் சொன்னேன்."

அந்தக் கோடை முழுக்க அவர் ஓட்டினார். பால் வாங்கக்கூட சூப்பர் பீதான். ஆகஸ்டில் பழைய கார்கள் ஊர்வலமாகப் போன அன்று லவெலைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போனார். பியூக்கின் தரை துருவேறி இற்றுக் கிடந்ததால் லவெலுக்கு வேறு கார் இல்லை. அதையும் ஒவ்வொரு சிக்னலிலும் சொல்லிக் காட்டிக்கொண்டே வந்தாராம் லவெல்.

செப்டம்பரில் அப்பா லவெலுக்குத் தர வேண்டிய பியூக் வேலையை ஆரம்பித்தார். மரக்காலைக் கழற்றி வைத்துவிட்டு, தாழ்ந்த மணையில் உட்கார்ந்து, பயணி பக்கத்துத் தரையை வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்டினார். ஒட்டு எங்கே என்று விரலால் தடவினாலும் தெரியாது. அக்டோபரில் ஓட்டுநர் பக்கத்தைத் துருவோடு வெட்டி எடுத்தார். புதுத் தகட்டை அளந்து, சாக்பீஸால் விளிம்பு வரைந்து சுவரில் சாய்த்து வைத்தார். அந்த வாரமே ஒரு காலையில், சாப்பாட்டு மேசையில், அம்மா முட்டையைத் தட்டில் வைத்துத் திரும்புவதற்குள், அவர் இதயம் நின்றுவிட்டது.

பட்டம் வாங்கிய பிறகு நான் அப்பாவோடு வேலை பார்த்த ஒரு வெல்டரைத் தேடிப் பிடித்து, மிச்சத் தரையை ஒட்டித் தர லவெலிடம் அனுப்பினேன். லவெல் அவருக்குக் காபி கொடுத்து, மழையைப் பற்றிப் பேசி, அனுப்பி வைத்துவிட்டார்.

"ஏன் மிஸ்டர் லவெல்? அவர் நல்லா ஒட்டுவார்."

"நல்ல ஆளுதான். ஆனா அவன் எனக்கு எதுவும் தர வேண்டியதில்லையே."

"அப்பா தர வேண்டியது. அவருக்காக நான் ஏற்பாடு பண்றேன்."

"உனக்கு நான் என்ன செஞ்சேன் காலேஜு, நீ திருப்பித் தரதுக்கு?" அவர் குரலில் கோபம் இல்லை. "அது எனக்கும் அவனுக்கும்."

அது பிடிவாதமா, மரியாதையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால் அவர் இரண்டையும் மறுத்திருப்பார். பியூக் இப்போதும் அந்த ஷெட்டில்தான் நிற்கிறது. பயணி பக்கக் கதவைத் திறந்தால் கால் வைத்து ஏறி உட்காரலாம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சிமெண்ட் தரை தெரிகிறது.