புறமுதுகு காட்டாத அசுரன்

உடுப்பிட்டியில் தன் வீட்டு முற்றத்தில் பின்பக்கமாக நடந்துகொண்டிருக்கிறாள் துஷாந்தினி. தோளில் பத்துக் கிலோ அரிசிப் பை. எதிரே நின்று கைபேசியில் படம் பிடிப்பவர் கணவர் ஜெயசுதன். "இஞ்சரப்பா, முகத்தை விடுங்கோ, காலைப் படமெடுங்கோ!" என்கிறாள் அவரிடம். பக்கத்து வீட்டுப் பராசக்தி அக்கா இதை முதல்முறை கண்டபோது, பிள்ளைக்கு உரு வந்துவிட்டதென்று திருநீற்றோடு ஓடி வந்தாராம். இப்போது பழகிவிட்டது. "இண்டைக்கு எந்தப் பேய், பிள்ளை?" என்று வேலிக்கு மேலால் கேட்பதோடு சரி.

அவள் அனிமேஷன் கலைஞர். பழைய மாயக்கதை ஒன்றை இணையத் தொடராக எடுக்கும் சென்னை நிறுவனத்துக்கு, வீட்டிலிருந்தே, தான் நடந்த படத்தைப் பார்த்து அசுரனை நடக்க வைக்கிறாள். வீரன் வேறு யாரோ ஒருவரின் பொறுப்பு. "வீரன் எப்பிடி நடந்தாலும் சனம் கைதட்டும் அண்ணை. அசுரன்ரை நடையிலைதான் கதை நிக்கும்" என்பாள் என்னிடம். மேசையில் எப்போதும் ஒரு முகக் கண்ணாடி. கோபம் வந்தால் அதை எட்டி எடுத்துத் தன் முகத்தையே பார்த்துப் படம் கீறத் தொடங்கிவிடுவாள். "என்னோடை சண்டை பிடிக்கேக்கையும் கண்ணாடியைத்தான் பாக்கிறா" என்பது ஜெயசுதனின் முறைப்பாடு.

கடைசிப் போரில் அசுரன் திரும்பி ஓட வேண்டும் என்றார் இயக்குநர். இவளோ அவனை எதிரியைப் பார்த்தபடியே, அடிமேல் அடி வைத்துப் பின்வாங்க விட்டாள். இரண்டு தரம் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் தரம், மாற்றாவிட்டால் அசுரனையே வேறொருவரிடம் கொடுத்துவிடுவோம் என்றார்கள். நானாயிருந்தால் அவனை ஓடவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன். அவளோ, சூரன் சிலையைத் தோளில் தூக்கி முருகனோடு பொருதவைக்கும் தங்கள் கோயில் சூரன்போர்க் காணொளியை அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் சொன்னாள்:

"எங்கடை சூரன் முருகனுக்கு முதுகு காட்டமாட்டான். தூக்கிற பெடியள் தடக்கி விழுந்தாலும் அவனைத் திருப்பமாட்டினம். பயந்து ஓடுறவனை வெண்டால், வெண்டவனுக்கு என்ன பெருமை?"

"பார்ப்போம்" என்றதோடு இயக்குநர் பேச்சை முடித்துக்கொண்டார்.

போன மாதம் தொடர் வெளியானது. அவள் வீட்டு முன்னறையில் அயல் முழுதும் கூடியிருந்தது, நானும் போயிருந்தேன். அசுரன் பின்வாங்கினான், முதுகு காட்டாமல். உடுப்பிட்டி முற்றத்து நடையல்லவா, எனக்கு நெஞ்சு நிறைந்துபோய்ப் பலமாகக் கைதட்டிவிட்டேன். பராசக்தி அக்கா "உஷ்" என்று அதட்டினார்.

அடுத்து வந்ததை அவளுக்கு எவருமே சொல்லியிருக்கவில்லை. யாரோ எங்கோ இருந்து வரைந்த அந்த வீரன், ஓங்கிய வாளை இறக்கி, அசுரனுக்குத் தலை வணங்கினான்.

துஷாந்தினி கதிரையை விட்டு எழுந்து நின்றாள்.