கூரையில் ஒட்டிய கல்யாணக் கம்பளம்

நாற்றத்தைப் பற்றி எழுதினால் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். சுளிக்கட்டும். கல்யாணமாகி எருமப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தக் கோழிப்பண்ணைக்கு வந்த நாளிலிருந்து நான் சுளித்துக்கொண்டுதான் இருக்கிறேன். படிக்கிறவர்கள் கொஞ்ச நேரம் சுளித்தால் குடி ஒன்றும் முழுகிவிடாது.

எங்கள் வீட்டுக்கும் கோழிக் கொட்டகைக்கும் நடுவில் ஒரு வேப்பமரம்தான் இருக்கிறது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் எச்சத்தின் காரம் மூக்கில் ஏறும். எரு அள்ளும் நாளில் கண்ணே எரியும். ஈயைப் பற்றிச் சொல்லி மாளாது. காப்பித் தம்ளரை ஒரு கையால் மூடி, விரலிடுக்கு வழியாக உறிஞ்சிக் குடிப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். பீரோவில் பூட்டி வைத்த பட்டுப்புடவையிலும் வாடை ஏறிவிடும். கல்யாண வீடுகளில் பக்கத்து நாற்காலிக்காரி நைசாக எழுந்து இடம் மாறுவதைப் பார்த்துப் பார்த்து, நானே கடைசி வரிசையில் போய் உட்காரப் பழகிக்கொண்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னால், நாற்றமா, எங்கே என்பார். மூக்கைத் தூக்கி நாலு பக்கமும் முகர்ந்து காட்டுவார். பிறந்ததிலிருந்து அதிலேயே கிடந்தவர், அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கு மனப்பிரமை என்று என் அம்மா வீட்டிலேயே போய்ச் சொல்லியிருக்கிறார். நாற்றத்தைவிட எனக்கு அந்தப் பேச்சுதான் குமட்டியது.

நான் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று. ஒரு ராத்திரியாவது கோழி வாடை இல்லாத இடத்தில் படுத்து எழுந்திருக்க வேண்டும். கடற்கரைப் பக்கம் போய்வரலாம் என்பேன். லாட்ஜ் அவருக்கு ஆகாது. யார் யாரோ படுத்த மெத்தையில் மனுசன் படுப்பானா என்று கேட்பார்.

போன வருடம் திடீரென்று ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார். வெள்ளைக்காரர்கள் வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றுவதை ஃபோனில் பார்த்திருக்கிறார். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் விட்டு, சீட்டுகளைக் கழற்றி, பிளைவுட்டில் ஒரு கட்டிலும் அடுப்பு மேடையும் போட்டு வாங்கிவந்தார். நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். அத்தோடு விட்டிருந்தால் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

வெள்ளைக்காரர்களின் வண்டியில் சுவர், கூரை எல்லாம் கம்பளம் ஒட்டியிருக்கிறதாம். பட்டறைக்காரர்கள் ரெக்ஸின் போதும் என்று சொல்லியும் கேட்கவில்லை. தெரிந்த பந்தல்காரரிடமிருந்து ஒரு சுருள் சிவப்புக் கம்பளம் கொண்டுவந்தார். மண்டப வாசலிலிருந்து மணமேடை வரைக்கும் விரிப்பார்களே, அதுதான். எத்தனை கல்யாணம் பார்த்ததோ, சிவப்பு போய் ஈரல் நிறத்துக்கு வந்திருந்தது. பிரித்துப் பார்த்தேன். வெற்றிலை எச்சில், காய்ந்த ஐஸ்கிரீம், ஒரு இடத்தில் பாயசத்து முந்திரி, அதைச் சுற்றி யாருடையதோ தலைமுடி. யாரோ படுத்த மெத்தை ஆகாத மனுசன், ஊரே மிதித்த கம்பளத்தைத் தலைக்கு மேல் ஒட்டப் போகிறார் என்றால் என்னவென்று சொல்வது?

ஓஸ் பைப்பில் தண்ணீர் அடித்துக் கொட்டகைக் கூரையில் காயப்போட்டார். ஐப்பசி மாசம், எங்கே காயும்? பாதி ஈரத்திலேயே ஒட்ட ஆரம்பித்துவிட்டார். ஆத்தூரில் அவருடைய மாமாவுக்கு ஜவ்வரிசி ஆலை இருக்கிறது. அங்கிருந்து குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி மாவு மூட்டையோடு வந்து இறங்கியது. அட்டைப்பெட்டி ஒட்டுவதற்கும் நூலுக்குக் கஞ்சி போடுவதற்கும் இந்தப் பக்கம் அந்த மாவுதான். என்னுடைய பால் குண்டானிலேயே அதைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். கடையில் ரப்பர் பசை கிடைக்காதா என்று கேட்டேன்.

“அதெல்லாம் ஒரே நெடி புள்ள. உனக்குத்தான் நாத்தமே ஆகாதே, அதுக்குத்தான் நம்ம கெழங்கு மாவுலயே காச்சிட்டேன்.”

முதல் தடவையாக என் மூக்குக்கு ஒரு மரியாதை கொடுத்திருக்கிறார் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

கூழை அள்ளி அள்ளிப் பூசினார். கூரையில் வளைவு வருகிற இடங்களில் கம்பளம் தொங்காமல் இருக்க இன்னும் இரண்டு கை சேர்த்து அப்பினார். ஒட்டி முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது. வேனைக் கதவு சாத்தி எருக்குழி ஓரத்தில் நிறுத்திவிட்டார். பூசுகிற நேரத்திலேயே பண்ணை ஈக்கள் உள்ளே புகுந்திருந்தன. அவற்றையும் சேர்த்து அடைத்தாயிற்று.

ஒரு வாரம் கழித்து மழை விட்ட ஒரு காலையில், பண்ணையைக் கொழுந்தனாரிடம் ஒப்படைத்துவிட்டுக் கடற்கரைக்குக் கிளம்பினோம். கதவைத் திறந்ததுமே புளித்த வீச்சம் முகத்தில் அறைந்தது. ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர் ஓடும் ஓடையைத் தாண்டிப் போனவர்களுக்கு அது என்னவென்று தெரியும். பசை காய்கிற வாசம், போகப் போகச் சரியாகிவிடும் என்றார். ஜன்னலை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு தலையை வெளியே நீட்டியபடியே வந்தேன். அயோத்தியாப்பட்டணத்தில் என் தங்கை வீட்டில் நிறுத்தினோம். ஆசையாக வண்டிக்குள் ஏறிப் பார்த்தவள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினாள். பண்ணையையும் கூடவே கூட்டிவந்துவிட்டீர்களா என்று அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவருக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. எதிர்க்காற்றில் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிய நியாயமும் இல்லை.

மத்தியானம் ஆத்தூர் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் சாப்பிட நிறுத்தினார். வெளியே உட்காரலாம் என்றேன். இவ்வளவு செய்தது வெளியே உட்காரவா என்று கட்டிலில் ஏறி, எலுமிச்சம்பழச் சாதத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார். வெயிலில் தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் கம்பளம் பசுவின் மடியைப் போல இறங்கியிருந்ததை நான் பார்த்தேன். சொல்வதற்கு வாயெடுப்பதற்குள் அறுந்து விழுந்தது.

பச்சையும் கறுப்புமாகப் பூத்த கூழ் அவர் தலையிலும் தோளிலும் வழிந்தது. அதில் புழு. ஒன்றிரண்டு இல்லை, கொத்துக் கொத்தாக. மடியில் இருந்த டப்பாவில் சோறு எது, புழு எது என்று தெரியவில்லை. நெளிந்ததை வைத்துத்தான் தெரிந்தது. என் கழுத்துக்குள்ளும் இரண்டு இறங்கின. எடுத்து வெளியே போட்டேன்.

அவர் பாய்ந்து இறங்கி, மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார். குடலே வெளியே வந்துவிடுமோ என்று பயந்துபோனேன். எரு லோடு ஏற்றிய கையை வேட்டியில் துடைத்துவிட்டு முறுக்குத் தின்கிற மனுசன். குடத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றி, புழுவை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு வேனுக்கு அருகே போனார். மறுபடியும் குமட்டவே மூக்கைப் பிடித்தபடி திரும்பி வந்தார். அவர் மூக்கைப் பிடித்து நான் பார்த்ததே இல்லை.

“ஏம்புள்ள, இத்தன வருசமா உனக்கு இப்பிடித்தான் இருந்துச்சா?”

“ஆமாங்க” என்றேன்.

வேறு ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். வீட்டுக்கே திரும்பிவிடலாம் என்பார் என்றும் நினைத்தேன். துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

“இதப் பூரா உரிச்சுப்போட்டுப் போலாம். கடலுக்கேதான்.”

உள்ளே ஏறி, கையாலேயே கம்பளத்தைப் பிய்த்து இழுக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு துண்டு வரும்போதும் ஓங்கரித்தார். இறங்கி ஓடிப்போய்த் துப்பிவிட்டு வந்து மறுபடியும் ஏறினார். நான் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்து போய் ஒரு கை கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.