மூழ்கிய கப்பலடியில் ஒரு சம்பந்தம்

கல்யாணப் பேச்சுக்கு வரும் மாப்பிள்ளையின் அம்மாவை மூழ்கிய கப்பல் பார்க்க அழைத்துப்போகும் யோசனை என்னுடையது. அம்மாவுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. கோயில் இருக்கிறது, பூந்தோட்டம் இருக்கிறது, நல்ல காரியத்துக்கு எதற்கு உடைந்த கப்பல் என்று மெல்பேர்னில், டண்டினொங் சந்தையில் மரக்கறி வாங்கும்போதெல்லாம் கேட்டார்.

மாப்பிள்ளையும் நானும் எங்களுக்குள் முடிவெடுத்து நாளாகியிருந்தது. மிச்சமிருந்தது அவருடைய அம்மாவின், நான் அன்ரி என்று கூப்பிடுகிறவரின், சம்மதம். அன்ரி வேண்டாமென்றால் மகன் மறுபேச்சுப் பேசமாட்டார் என்பது எனக்குத் தெரியும். அன்ரி என்னைப் பார்க்கவென்றே சிட்னியிலிருந்து, பென்டில் ஹில்லிலிருந்து, வந்திருந்தார். வீட்டுக் கதிரையில் நேருக்கு நேர் உட்கார்ந்து பதில் சொல்வதைவிடக் காரில் சாலையைப் பார்த்துக்கொண்டு பேசுவது எனக்குச் சுலபம். தவிர, கடலடியை அளப்பது என் வேலை. அந்தக் கரையைப் பற்றி எவ்வளவு நேரமும் பேசுவேன். பயணத்தை வரிசைப்படுத்தினேன்: கோப்பி, கப்பல், கல்லறைகள், சாப்பாடு. வரிசையிலேயே பிழை இருந்தது எனக்கு உறைக்கவில்லை.

மகனும் என் அம்மா அப்பாவும் பக்கத்தில் நிற்க, அன்ரி பாறை முனையிலிருந்து கடலைப் பார்த்தார்.

“எங்க பிள்ளை கப்பல்?”

“அடியில, அன்ரி.”

“அப்ப நாங்கள் என்னத்தைப் பார்க்கிறம்?”

“தண்ணியை,” என்றார் அப்பா. அம்மா பார்த்த பார்வையில் அவர் கார்வரை நடந்துபோய்விட்டார்.

அங்கே நட்டிருந்த அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னேன். இங்கிலாந்திலிருந்து குடியேற வந்தவர்களின் பாய்க்கப்பல். மாதக்கணக்கில் கடலில் வந்து, மெல்பேர்னை நெருங்கியபோது மூடுபனியில் பாறையில் மோதி மூழ்கியது; வந்தவர்களில் அனேகர் செத்துப்போனார்கள். நான் ஆழம், நீரோட்டம், பாறையின் சாய்வு என்று விளக்கிக்கொண்டு போக, அன்ரி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: சின்னப்பிள்ளைகளும் இருந்தார்களா? இருந்தார்கள் என்றேன். கல்லறைகளுக்கு வந்தபோது, ஒரு குடும்பம் முழுவதையும் எழுதியிருந்த கல்லின் முன்னால் நின்று சத்தமில்லாமல் அழுதார். நான் டிஷ்யூவைப் பெட்டியோடு நீட்டினேன்.

கடற்கரை மேசையில் அம்மா இடியப்பமும் சம்பலும் கத்தரிக்காய்க் குழம்பும் பரப்பினார். அன்ரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“சுடலைக்குப் போட்டு வந்து குளிக்காமல் எப்பிடிச் சாப்பிடுறது?”

அவருடைய மகன் வாய்க்குக் கொண்டுபோன இடியப்பத்தைத் திரும்ப வைத்தார். செத்து நூறு வருசத்துக்கு மேலாகிறது, துடக்கு, தீட்டெல்லாம் எப்போதோ கழிந்திருக்கும் என்று அப்பா சமாதானம் சொன்னார். அதோடு நான் விட்டிருக்கலாம். துடக்கை வருசத்தை வைத்துக் கணக்குப் பார்ப்பதா, உறவை வைத்தா என்று கேட்டேன். மேசைக்கடியில் அம்மா என் காலை மிதித்தார்.

அன்ரி கேள்வியை மதித்துக் கொஞ்சம் யோசித்தார்.

“அழாட்டி அது பார்க்கப் போன இடம். அழுதா செத்தவீடு.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீரும் அழுதனீர்தானே? கண் சிவந்து கிடந்தது.”

அம்மா ஓம் சொல்லச் சொல்லித் தலையை லேசாக ஆட்டினார். மகன் சம்பலை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஓம் என்று ஒத்துக்கொண்டால் சம்மதம் அங்கேயே கிடைத்துவிடும்.

“இல்லை அன்ரி. அது கடல் காத்துக்குச் சிவந்தது.”

“அப்ப நீர் இருந்து சாப்பிடும்,” என்று துவாயை எடுத்துக்கொண்டு, அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள் உப்புக் கழுவும் குளியல் குழாயை நோக்கி நடந்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தக் குழாயில் பொத்தானை அமத்திப் பிடித்தால்தான் தண்ணீர் வரும்; விட்டால் நின்றுவிடும். அன்ரி ஒரு கையால் அமத்தி, மறு கையால் தலையை நனைக்கப் பார்த்து, இரண்டும் சரிவராமல் நின்றார். நான் போய்ப் பொத்தானைப் பிடித்தேன். தண்ணீர் பனிக்கட்டியாக இருந்தது. உடுத்த சேலையோடு நின்ற அன்ரி ‘காணும், போதும்’ என்பார், விடுவேன். ‘தலை நனையேல்லை’ என்பார், அமத்துவேன். எங்களுக்குப் பின்னால் சறுக்குப் பலகைகளோடு இரண்டு இளைஞர்கள் மரியாதையாக வரிசையில் நின்றார்கள்.

“உமக்கு அழுகையே வராதோ?” நடுங்கிக்கொண்டே கேட்டார்.

“வரும் அன்ரி. பிந்தித்தான் வரும். வீட்டை போனாப் பிறகு.”

“நல்லது. எங்கட வீட்டில எல்லாத்துக்கும் அழ நான் ஒருத்தி காணும். ஆராவது பொத்தானை அமத்த வேணும்.”

காரில் கிடந்த மகனின் கிரிக்கெட் உடுப்பையும் என் ஜாக்கெட்டையும் மாற்றிக்கொண்டு அன்ரி மேசைக்கு வந்து உட்கார்ந்தார். அம்மா இடியப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“ஆவணியில நாள் பாருங்கோ,” என்றார் அன்ரி, பற்கள் தந்தியடிக்க. “முதல் அந்தக் குழம்பை இஞ்சால தாங்கோ. குளிருது.”